ஊசி போடாத டாக்டரம்மா

அதிகாலை 4 மணிக்குப் போன் அடித்தால், டாக்டரம்மா எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, “மாடு நெஞ்சை ஊனிப் படுத்திருக்குதா, ஒருக்களிச்சுக் கிடக்குதா?” அடுத்தது, “கன்னு போட்டு எத்தனை நாளாச்சு?” மூன்றாவது, “வாயில ஏதாச்சும் ஊத்துனீங்களா?”

மூன்றுக்கும் பதில் வருவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்.

ஈரோடு மாவட்டம், அந்தியூர் பக்கம் ஒரு சிறிய ஊர். மெயின் ரோட்டை ஒட்டி ஒரே ஒரு அறை. பக்கத்தில் தகரக் கொட்டகை, அதில் மாட்டை நிறுத்தி வைத்துப் பார்ப்பதற்கு இரும்புக் குழாயில் ஒரு சட்டம். சுவரில் கட்டண விவரமும் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் பெரிய எழுத்தில். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பதினான்கு வருடமாக இங்கே தனியாக மருத்துவம் பார்க்கிறார். ஊர்க்காரர்களுக்கு ‘டாக்டரம்மா’. பெயரை எழுத வேண்டாம் என்பது அவருடைய நிபந்தனை. “பேரைப் போட்டா இன்னும் பத்து ஊர்ல இருந்து கூப்பிடுவாங்க. அத்தனை ஊருக்கும் போக முடியாது. போகாட்டி கெட்ட பேரு” என்கிறார்.

அன்றைக்குப் போன் வந்தது ஆறு கிலோ மீட்டர் தள்ளி ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து. ஜெர்சி கலப்பினப் பசு, மூன்றாவது ஈற்று. கன்று போட்டு இரண்டாம் நாள். முந்தின நாள் காலையும் மாலையுமாகப் பதினாறு லிட்டர் கறந்த மாடு, நள்ளிரவில் படுத்தது எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மா போனபோது கழுத்தை ஒரு பக்கமாக வளைத்து, தலையை விலாவில் சாய்த்து வைத்திருந்தது. காதைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. மூக்கு காய்ந்து கிடந்தது. தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை, வழக்கத்தைவிடக் குறைவாகவே காட்டியது. இதற்குப் ‘பால் காய்ச்சல்’ என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியாது. இதில் காய்ச்சலே கிடையாது. கன்று போட்டதும் மடியில் திடீரென்று பால் இறங்கும்போது இரத்தத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து அப்படியே பாலோடு போய்விடுகிறது. எலும்பில் இருக்கும் சுண்ணாம்பு அந்த வேகத்துக்கு ஈடு கொடுத்து இரத்தத்துக்கு வருவதில்லை. தசைகள் ஓய்ந்துபோகின்றன. பெரும்பாலும் கன்று ஈன்ற 72 மணி நேரத்துக்குள், மூன்றாவது ஈற்றுக்கு மேல், நன்றாகக் கறக்கும் மாட்டுக்குத்தான் இது வரும்.

கால்சியம் பாட்டிலை எடுத்ததும் வீட்டுக்கார அம்மா குறுக்கே நின்றுகொண்டார்.

“வேண்டாம் அம்மிணி. அது மட்டும் வேண்டாம்.”

போன வருடம் இதே கட்டுத்தறியில் இதே போல ஒரு மாடு விழுந்தது. அக்கம்பக்கத்தில் ஊசி போடும் ஒருவரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து ஐந்து நிமிடத்தில் மொத்தத்தையும் நரம்பில் ஏற்றினார். பாட்டில் தீரும்போது மாடு ஒரு முறை உதறி, அப்படியே போய்விட்டது. கடன் வாங்கி வாங்கிய மாடு. தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘கால்சியம் போட்டால் மாடு செத்துவிடும்’ என்பது அந்த வீட்டில் கண்ணால் கண்ட உண்மை.

டாக்டரம்மா வாதாடவில்லை. “அக்கா, நீங்க சொல்றது நெசந்தான். வேகமா ஏத்துனா நெஞ்சு நின்னு போகும். போடாம விட்டாலும் இந்த மாடு சாயங்காலம் வரைக்கும் தாங்காது. நீங்க தலையைப் பிடிங்க. நான் ஒரு காதுல துடிப்பைக் கேட்டுக்கிட்டே ஏத்துறேன். துடிப்பு தப்புனா அந்த நிமிசமே நிறுத்திடுறேன். நிறுத்துறதை நீங்க பாருங்க.”

அந்த அம்மா யோசித்தார். பிறகு கொம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் வேலையாக மாட்டை நெஞ்சில் ஊன்றி உட்கார வைத்து, சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டையை முட்டுக் கொடுத்தார்கள். பாட்டிலை வெந்நீர் வாளியில் வைத்து, உடம்புச் சூட்டுக்கு வந்த பிறகே எடுத்தார். ஒரு கையில் குழாயின் திருகு, காதில் ஸ்டெதாஸ்கோப். 450 மில்லி பாட்டில் இறங்க இருபது நிமிடம் ஆனது. நடுவில் ஒருமுறை துடிப்பு தடுமாறியது. சொன்னபடியே திருகை மூடிக் காத்திருந்தார். முக்கால் பாட்டில் போனபோது மாட்டின் தொடைச் சதை நடுங்க ஆரம்பித்தது. ஏப்பம் விட்டது. மூக்கில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. சாணி போட்டது. பாட்டில் முடிந்து கால் மணி நேரத்தில், பின்னங்காலை ஊன்றி, ஒருமுறை தடுமாறி, எழுந்து நின்றது.

கால்நடை மருத்துவத்தில் இவ்வளவு சீக்கிரம் கண்ணெதிரே பலன் காட்டும் சிகிச்சை வேறு அதிகம் இல்லை. அதே மருந்து, அதே அளவு. ஐந்து நிமிடத்துக்கும் இருபது நிமிடத்துக்கும் நடுவில்தான் ஒரு மாட்டின் உயிர் இருந்தது.

கிளம்பும் முன் டாக்டரம்மா சொன்னவை: இரண்டு நாளைக்கு மடியை ஒட்டக் கறக்க வேண்டாம், கன்றுக்கு வேண்டியதும் அதற்குமேல் கொஞ்சமும் மட்டும் கறந்தால் போதும். ஒரு நாளுக்குள் மறுபடி விழ வாய்ப்பு உண்டு. கண் வைத்திருக்க வேண்டும். மாடு விழுந்து கிடக்கும்போது கஞ்சி, கருப்பட்டித் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றக் கூடாது. விழுங்கும் சக்தி இல்லாத மாட்டுக்கு அது நேராக நுரையீரலுக்குப் போகும். பால் காய்ச்சலில் பிழைத்த மாடு இந்தக் கஞ்சியால் செத்துப்போனது உண்டு.

இன்னொன்றும் சொன்னார். அது பலருக்கும் புதிதாக இருக்கும். சினை மாட்டுக்குக் கடைசி இரண்டு மாதமும் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றுவது நம் பக்கம் வழக்கம். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்கிறோம். ஆனால் சுண்ணாம்புச் சத்து வெளியிலிருந்து தாராளமாகக் கிடைக்கும்போது, எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் வேலையை உடம்பு மறந்துவிடுகிறது. கன்று போட்டு அவசரமாகத் தேவைப்படும்போது அந்த வேலை உடனே தொடங்குவதில்லை. கறவை வற்றிய காலத்தில் கால்சியத்தைக் குறைத்து, கன்று போடும் சமயத்தில் கொடுப்பதுதான் சரி. தாது உப்புக் கலவையிலும் சினை மாட்டுக்கு, கறவை மாட்டுக்கு என்று பார்த்து வாங்க வேண்டும்.

* * *

ஆரம்பத்தில் டாக்டரம்மாவும் இவ்வளவு நிதானமாக இருந்தவர் இல்லை. தொழில் தொடங்கிய முதல் இரண்டு வருடம், போன இடத்தில் எல்லாம் ஊசி. போடாவிட்டால் ‘வந்து சும்மா பாத்துட்டுப் போயிட்டாங்க’ என்பார்கள். ஊசி போட்டால்தான் வைத்தியம், ஊசி போட்டால்தான் காசு என்று ஆகிப்போயிருந்தது. மடி கொஞ்சம் வீங்கினால் போதும், நுண்ணுயிர்க்கொல்லி ஊசியும் காம்புக்குள் செலுத்தும் டியூபும்.

ஒரு நாள் தயிர் விற்கும் ஒரு வயதான பெண்மணி கிளினிக்குக்கு வந்தார். மாடு எதுவும் கூட்டி வரவில்லை. கையில் ஒரு தூக்குப் போசி.

“மூணு நாளா பால் உறைய மாட்டேங்குது சாமி. உறைமோர மாத்திப் பாத்துட்டேன், சட்டிய மாத்திப் பாத்துட்டேன். உங்க மருந்து போட்ட மாட்டுப் பாலுதான் இதுன்னு சொல்றாங்க.”

அவர் சொன்னது சரி. உறைமோரில் இருக்கும் நுண்ணுயிர்தான் பாலைத் தயிராக்குகிறது. பாலில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலந்திருந்தால் அது வேலை செய்யாது. மருந்து போட்ட மாட்டின் பாலை அடுத்த நாளே விற்றிருக்கிறார்கள். தயிர் உறையாதது வெளியே தெரிந்தது. அந்தப் பாலைக் காய்ச்சிக் குடித்த குழந்தைகளின் வயிற்றுக்குள் போனது யாருக்கும் தெரியவில்லை. காய்ச்சினால் இந்த மருந்துகள் முழுதாக அழிந்துவிடுவதும் இல்லை.

“பால் ஊத்தக் கூடாதுன்னு நான் சொன்னேன். போற போக்குல சொன்னேன். எழுதிக் குடுக்கல” என்கிறார் டாக்டரம்மா. அந்த அம்மாவுக்கு மூன்று நாள் பாலுக்கான காசைக் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டாராம். அது இன்னும் உறுத்துகிறது போலும். அந்தப் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்கிறார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாட்டுக்கும் ஓர் அட்டை. மருந்து போட்டால் அதில் சிவப்பு மையில் ஒரு தேதி: ‘இந்தத் தேதி வரை பால் ஊற்றக் கூடாது.’ எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். மருந்துப் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஒரு காம்பில் மட்டும் மருந்து ஏற்றியிருந்தாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும். கன்றுக்கும் அந்தப் பாலைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

கணக்குப் போட்டால்தான் இதன் வலி தெரியும். நாளைக்கு 8 லிட்டர் கறக்கும் மாட்டின் பாலை 5 நாள் கொட்டினால் 40 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் 1,400 ரூபாய். மருந்துச் செலவு தனி. அதனால்தான் ஊசிக்குப் போகும் முன் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மடிநோய் ஆரம்ப நிலையில், அதாவது பாலில் திரி திரியாக வந்து, காய்ச்சல் இல்லாமல், மாடு தீனி எடுத்துக்கொண்டு இருந்தால், டாக்டரம்மா முதலில் கொடுப்பது மூலிகைக் களிம்பு. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் ந.புண்ணியமூர்த்தி மரபுவழி மருத்துவத்திலிருந்து எடுத்து ஒழுங்குபடுத்திய முறை இது. தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் பல மாநிலங்களில் பரப்பி வருகிறது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் செக்கச் சிவந்த விழுது கிடைக்கும். கையளவு விழுதை எடுத்து 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவி, பாலைப் பீய்ச்சி வெளியேற்றிவிட்டு, மடி முழுவதும் பூச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். கூடவே எலுமிச்சம் பழத்தைப் பாதியாக அரிந்து தின்னக் கொடுக்கலாம். விழுதைத் தினமும் புதிதாக அரைக்க வேண்டும்.

“பத்துத் தடவையா?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று பூசிவிட்டு ‘பச்சிலை கேக்கல’ என்று வருகிறவர்கள்தான் அதிகம். பத்து என்றால் பத்துதான்.

ஆனால் மாட்டுக்குக் காய்ச்சல், தீனி எடுக்கவில்லை, மடி கல்லாக இறுகிவிட்டது, பால் தண்ணீராகவோ இரத்தமாகவோ வருகிறது என்றால் பச்சிலையோடு உட்கார்ந்திருக்கக் கூடாது. அப்போது ஊசிதான். அதற்கும் முன்பு சுத்தமான புட்டியில் பால் மாதிரி எடுத்து, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று ஆய்வுக்கு அனுப்பிவிடுகிறார். மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலும், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மையங்களிலும் இந்தச் சோதனைக்கு வழி உண்டு. முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். திரும்பத் திரும்ப மடிநோய் வரும் மாட்டுக்கு இந்தச் சோதனை இல்லாமல் மருந்து மாற்றி மாற்றிப் போடுவது இருட்டில் கல்லெறிவது.

மடிநோயைப் பற்றி அவர் அதிகம் பேசுவது மருந்தைப் பற்றி இல்லை, கறக்கும் கையைப் பற்றி. கட்டை விரலை மடக்கிக் காம்பை இழுத்துக் கறப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காம்பின் உட்புறம் காயமாவது அங்கேதான். முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியிலோ கொட்டாங்குச்சியிலோ பீய்ச்சிப் பார்த்தால் திரி இருப்பது அப்போதே தெரிந்துவிடும். கறந்து முடித்ததும் காம்புத் துவாரம் மூட அரை மணி நேரம் வரை ஆகும். அந்த நேரத்தில் மாடு சாணியில் படுத்தால் கிருமிக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி. கறந்த கையோடு ஒரு கட்டு சோளத்தட்டைப் போட்டால் மாடு நின்று தின்னும். இதற்குக் காசே வேண்டாம். நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறப்பதற்கும் காசு வேண்டாம்.

* * *

தை மாதம் பொங்கல் கழிந்த மறுநாளும், முகூர்த்த நாட்களுக்கு அடுத்த நாளும் டாக்டரம்மா வெளியூர் போவதில்லை. மிச்சமான சோறு, பொங்கல், சாம்பார் சாதம் எல்லாம் அண்டாவோடு மாட்டுக்குப் போகும். மாடும் ஆசையாகத் தின்னும். அடுத்த நாள் படுத்துவிடும். மாட்டின் பெரு வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் தட்டையும் புல்லையும் செரிக்கப் பழகியவை. ஒரே நேரத்தில் அண்டாச் சோறு போனால் அங்கே புளிப்பு ஏறிவிடும். உடம்புத் தண்ணீர் முழுவதும் வயிற்றுக்குள் இறங்கும். கண் குழிவிழும், அசை நிற்கும், சாணி தண்ணீராகப் புளித்த வாடையோடு போகும். ஆடு என்றால் இன்னும் சீக்கிரம். ‘சோறு தின்னு மாடு சாகுமா?’ என்று கேட்பவர்களுக்கு அவர் தன்னுடைய நோட்டைக் காட்டுகிறார். தை மாதப் பக்கங்களில் பாதி அதுதான். பெருமளவு தின்றுவிட்டது தெரிந்தால், நோய்க்குறி வரும்வரை காத்திருக்காமல் உடனே போன் செய்ய வேண்டும். அதுவரை காய்ந்த வைக்கோல் மட்டும் போடலாம். சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றுவது முதலுதவிதான் என்றாலும், மாட்டின் எடைக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு, நின்றுகொண்டிருக்கும் மாட்டுக்கு மட்டும் ஊற்ற வேண்டும்.

கன்று போட்ட மாட்டுக்கு நஞ்சுக்கொடி விழவில்லை என்று அதில் செருப்பையும் கல்லையும் கட்டித் தொங்கவிடுவதும் குறைந்தபாடில்லை. எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் மருத்துவர். இழுத்தால் கருப்பை கிழியும், அல்லது துண்டு உள்ளே தங்கி அழுகும். அடுத்த சினைக்கு அந்த மாடு ஆறு மாதம் ஏமாற்றும். இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றும் இல்லை.

விளக்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மாலை. “மாட்டுத் தொண்டையில மாங்கொட்டை சிக்கிருச்சுங்க டாக்டரம்மா” என்று ஒருவர் ஓடி வந்தார். எச்சில் ஒழுகுகிறது, தண்ணீர் குடிக்கப் போகிறது, விழுங்க முடியவில்லை. வீட்டுக்காரர், அவர் தம்பி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் மூன்று பேரும் முறை வைத்துத் தொண்டைக்குள் கைவிட்டுத் தேடியிருக்கிறார்கள். கொட்டை கிடைக்கவில்லை. ஒருவருக்குப் பல் பட்டு விரலில் சிராய்ப்பு.

டாக்டரம்மா போனதும் மாட்டை நெருங்கவில்லை. தள்ளி நின்று பார்த்தார். மாடு குரல் கம்மி, விட்டுவிட்டு அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. பின்னங்கால் தள்ளாடியது. “இந்த ரெண்டு மாசத்துல நாய் ஏதாச்சும் வந்துச்சா?” என்று கேட்டார். வந்தது. ஐம்பது நாளுக்கு முன் ஒரு தெருநாய் கட்டுத்தறிக்குள் புகுந்து மாட்டின் காலைக் கடித்திருக்கிறது. காயத்தில் மஞ்சள் வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள்.

அது வெறிநோய். மாட்டுக்கு வெறிநோய் வந்தால் பல நேரம் இப்படித்தான் தொண்டையில் ஏதோ சிக்கிய மாதிரியே தெரியும். அறிகுறி தெரிந்த பிறகு மாட்டைக் காப்பாற்ற உலகத்தில் எங்கேயும் மருந்து கிடையாது. கைவிட்ட மனிதர்களைக் காப்பாற்ற மருந்து இருக்கிறது. ஆனால் அதுவும் அறிகுறி வருவதற்கு முன்னால்தான். மூன்று பேரையும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கையைக் கழுவ வைத்தார். வீட்டில் மாட்டைத் தொட்டவர், பச்சைப் பால் குடித்தவர் என்று ஒவ்வொருவராக விசாரித்து எழுதி, அன்று இரவே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். தடுப்பூசி அங்கே இலவசம். மூன்றாம் நாள் மாடு இறந்தது. ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். ஊசியை நடுவில் நிறுத்திவிடக் கூடாதே என்று, அடுத்த ஒரு மாதமும் ஒவ்வொரு ஊசி தேதிக்கும் முதல் நாள் அந்த வீட்டுக்குப் போன் போட்டது டாக்டரம்மாதான். மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் படிப்பு அவருடையது இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த ஊரில் மூன்று மனிதர்களைக் காப்பாற்றியது மாட்டு வைத்தியம்தான்.

மாட்டையோ ஆட்டையோ நாய் கடித்தால், காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். கடித்த பிறகு போடும் தடுப்பூசி கால்நடைக்கும் உண்டு. எச்சில் ஒழுகும் மாட்டின் வாயில் வெறுங்கையை விடவே கூடாது.

* * *

வருமானம்? எல்லோரும் கேட்க நினைத்துக் கேட்காமல் விடும் கேள்வி. டாக்டரம்மா ஒளிக்கவில்லை. நள்ளிரவு அழைப்புகளில் பெயர் வரும், காசு வராது. விழுந்த மாட்டை எழுப்பிவிட்டால் கை நிறையக் கொடுப்பார்கள். எழவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் அவர் தொழிலின் அடிப்படையை மாற்றிக்கொண்டார். மாதம் ஒரு முறை கட்டுத்தறிக்கே போய், நோயில்லாத மாட்டைப் பார்ப்பது. அதற்கு மாதக் கட்டணம். சினைப் பரிசோதனை, கறவையை வற்றவிடும் தேதி, சாணியைச் சோதித்துத் தேவைப்பட்டால் மட்டும் குடற்புழு மருந்து, தீவனக் கணக்கு. பால் காசு வரும் நாளில் வசூல். ஆரம்பத்தில் ‘நல்லா இருக்கிற மாட்டைப் பார்க்கக் காசா?’ என்று சிரித்தார்கள். இப்போது அந்தக் கட்டணம்தான் கிளினிக் வாடகையையும் பெட்ரோலையும் தாங்குகிறது.

மாடு செத்துவிட்டாலும் அவர் கட்டணம் வாங்குகிறார். இதில் ஊருக்குள் முணுமுணுப்பு உண்டு. “எல்லாம் இழந்து நிக்கிறவன்கிட்ட வாங்கலாமா?” என்று கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பிழைத்தால் மட்டுமே காசு என்று வைத்தால், பிழைக்காது என்று தெரிந்த மாட்டுக்கு நள்ளிரவில் யாரும் வர மாட்டார்கள். கட்டணத்தைச் சுவரில் எழுதி வைத்திருப்பதும், தவணையில் வாங்கிக்கொள்வதும் அந்த முணுமுணுப்பைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. இறந்த மாட்டுக்குக் காப்பீடு இருந்தால் பிரேதப் பரிசோதனைச் சான்றை அன்றே எழுதிக் கொடுத்துவிடுகிறார். காதில் தோடு இல்லாத மாட்டுக்கு அந்தச் சான்றால் பயன் இல்லை. 12 இலக்க எண்ணுள்ள மஞ்சள் தோடு அறுந்து விழுந்தால் அன்றே சொல்லி மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும்.

அரசு மருந்தகத்தைப் போட்டியாக அவர் நினைப்பதில்லை. அங்கே இலவசமாகப் போடும் தடுப்பூசிகளை இவர் காசுக்குப் போடுவதில்லை. முகாம் தேதியைத் தன் கதவில் எழுதி ஒட்டுகிறார். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கன்று வீச்சு நோய்க்கு நான்கு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுக்கு வாழ்நாளில் ஒரே முறை. இவர் ஊரில் இல்லாத நாட்களில் 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிடச் சொல்கிறார். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

ஊசி போடும் நபர்களைப் பற்றிக் கேட்டால் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தால், அப்படி இல்லை. 1984-ம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். முதலுதவி போன்ற சிறு சிகிச்சைகளை, அரசு அனுமதித்தவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். “சட்டம் சரிங்க. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு நான் போனை எடுக்காட்டி அவங்க யாரைக் கூப்பிடுவாங்க?” என்கிறார். அதனால்தான் போனைத் தலைமாட்டிலேயே வைத்துத் தூங்குகிறார்.

அவர் கண்டிப்பாக இருப்பது ஒரு விஷயத்தில். அவருடைய மருந்து அலமாரியில் டைக்ளோஃபினாக் கிடையாது. வலிக்கும் காய்ச்சலுக்கும் மாடுகளுக்குப் போட்ட இந்த மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கால்நடைகளுக்கு இதைப் பயன்படுத்த 2006-ல் தடை வந்தது. கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் இரண்டுக்கும் 2023-ல் தடை வந்தது. மனிதருக்கான ஊசியை மெடிக்கலில் வாங்கி மாட்டுக்குப் போடுவது இன்னும் நடக்கிறது. இங்கிருந்து சத்தியமங்கலம் மலையைத் தாண்டினால் மாயாறு பள்ளத்தாக்கு; தமிழ்நாட்டில் பாறுக் கழுகுகள் மிஞ்சியிருக்கும் இடம் அது. “நம்ம மாட்டுக்கு மெலாக்சிகம் இருக்குது, அதே வேலையைச் செய்யும். பின்ன எதுக்கு?” என்பதோடு முடித்துக்கொள்கிறார்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவர்கள் சிலர், இப்போது டாக்டரம்மாவிடம் படித்துக்கொண்டுதான் போகிறார்கள்: காம்பு நான்கையும் கறந்து பார், ஒரு மடிப் பக்கம் சிறுத்திருக்கிறதா பார், வாங்கி வந்த மாட்டை இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டு.

பால் காய்ச்சல் வந்த அந்தத் தோட்டத்து மாட்டை மறுநாள் மாலை டாக்டரம்மா போய்ப் பார்த்தார். மாடு தட்டு மென்றுகொண்டு நின்றது. வீட்டுக்கார அம்மா ஒரு சொம்பு மோரும், முந்தானையில் முடிந்து வைத்திருந்த பாதிக் கட்டணமும் கொண்டு வந்தார். மீதி பத்தாம் தேதி, பால் காசு வந்ததும். டாக்டரம்மா நோட்டில் எழுதிக்கொண்டார்.

“அப்பொ போன வருசம் அந்த மாட்டுக்கும் மெதுவா ஏத்தியிருந்தா…” என்று அந்த அம்மா ஆரம்பித்தார்.

டாக்டரம்மா மோரைக் குடித்து முடித்தார். “அதைச் சொல்ல முடியாதுங்க அக்கா. அந்த மாட்டை நான் பாக்கல” என்று சொல்லிவிட்டு, கன்றின் தொப்புளில் அயோடின் வைத்தார்களா என்று குனிந்து பார்த்தார்.